மெதுவாக ஓடும் மிஷின்

தையல் மிஷின் கடைக்குள் நுழைந்ததுமே தையல் வகைகளின் கணக்குதான் முதலில் காதில் விழும். இதில் 14 வகை, அதில் 23 வகை, கம்ப்யூட்டர் வைத்ததில் 60-க்கு மேல். மலேசியாவின் கிள்ளானில் பலரும் டெய்லரம்மா என்றே அழைக்கும் அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "தம்பி, இது எவ்வளவு மெதுவா ஓடும்?"

எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். மெதுவுக்கு எண் கிடையாது. ஆகவே அவரே சோதித்துப் பார்ப்பார். பிளக்கைச் சொருகச் சொல்லி, இரண்டாக மடித்த பருத்தித் துண்டை ஊசிக்கு அடியில் வைப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் மட்டும் பெடலைத் தொடுவார். ஒரு தையல் விழ வேண்டும். காலை எடுத்ததும் ஊசி நின்றுவிட வேண்டும். அப்படியில்லாமல் மிஷின் முதலில் முனகிக்கொண்டு நின்று, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஐந்தாறு தையல் ஒரேயடியாகப் பாய்ந்தால் அது அவருக்கு வேண்டாம். அடுத்து துணியை நான்காக, எட்டாக மடித்து வைத்து, அதே மெதுவில் ஊசி உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பார். மெதுவாக ஓடும்போது பலம் போய்விடுகிற மிஷினும் குழந்தைக்கு ஆகாது. ஊசி சிக்கியதும் பிள்ளை பெடலை ஓங்கி மிதிக்கும். விபத்து அங்கேதான் நடக்கும்.

தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் பல ஆண்டுகள் புடவை பிளவுஸ் தைத்தவர் இவர். தீபாவளிக்கு முன் துணி அடுக்கு இடுப்பளவு உயர்ந்து நிற்கும். பிறகு 'இனி எடுக்க மாட்டேன்' என்று அட்டை எழுதித் தொங்கவிடுவார். கடையில் ஓடியது தொழிற்சாலை மிஷின். அந்த இனத்தில் உலகமெங்கும் பெயர் பெற்ற ஜூக்கி டிடிஎல்-8700 நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போடக்கூடியது. கணக்குப் பார்த்தால் விநாடிக்கு 90-க்கும் மேல். தொழில் செய்கிறவருக்கு அந்த வேகம்தான் சோறு. இப்போது கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு இருக்கிறார். பள்ளி விடுமுறையில் பதினொரு வயதுப் பேத்தியும் எட்டு வயதுப் பேரனும், "பாட்டி, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்று வந்து நின்றபோது, அந்தத் தொழிற்சாலை மிஷினை அவர் உறை போட்டு மூடிவைத்தார். வாழ்நாளெல்லாம் வேகத்தைத் தேடிய கைக்கு, மெதுவாக ஓடும் மிஷினைத் தேடும் வேலை அன்றுதான் வந்தது.

வீட்டு மிஷின்களிலும் வேகம் ஒன்றுபோல் இல்லை. சாதாரண வீட்டு மிஷின் நிமிடத்துக்கு 600 முதல் 850 தையல் வரை போகும். சிங்கரின் ஹெவி டியூட்டி 4423 என்ற மாடல் 1,100 வரை போகும். ஜீன்ஸ், திரைத்துணி தைக்கிற பெரியவர்களுக்கு அருமையான மிஷின். ஆனால் 1,100 என்றால் விநாடிக்கு 18 தையல். ஒரு தையல் இரண்டரை மில்லிமீட்டர் என்றால், முழு வேகத்தில் துணி விநாடிக்கு நாலரை சென்டிமீட்டர் நகர்கிறது. ஊசிக்கும் எட்டு வயதுப் பையனின் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட இருக்காது. டெய்லரம்மா இந்தக் கணக்கைக் கடையிலேயே, எதிரில் நிற்கும் பெற்றோரிடம் விரல் வைத்துக் காட்டிச் சொல்வார்.

அவருடைய அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தன் தாயாரின் கை மிஷினைத்தான் காட்டுகிறார். கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றில், லயத்து வீட்டில், மாதத் தவணைக்கு வாங்கிய சிங்கர் 99கே. சிங்கர் நிறுவனம் தவணை முறையைத் தொடங்கியது 1856-இல். நிறுவனத்தின் பங்காளியான எட்வர்டு கிளார்க் வகுத்த வழி அது. கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். கூலி வேலை செய்கிற குடும்பம் ஒரு இயந்திரத்தைச் சொந்தமாக்கிக்கொள்வது அதுவரை அரிதான காரியம். நியூயார்க்கில் பிறந்த அந்தத் தவணை அட்டை மலாயாத் தோட்டத்து லயம் வரை வந்தது. பால்மரம் வெட்டிவிட்டு வந்த தாயார் பிற்பகலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாவாடை, சட்டை, கால்சட்டை தைத்துக் கொடுத்து அந்தத் தவணையைக் கட்டினார்.

மாடல் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் 'கே' என்ற எழுத்து கில்போவியைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் 1885-இல் திறந்த சிங்கர் ஆலை அங்கேதான் இருந்தது. அதன் உச்சத்தில், 1913-இல், ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்கள் அங்கிருந்து கப்பலேறின. ஆலை 1980-இல் மூடப்பட்டது. அங்கே பிறந்த மிஷின்கள் இன்னும் கிள்ளானிலும் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

99கே முக்கால் அளவு மிஷின். பெரிய சிங்கரைவிடக் கை குட்டை, உயரமும் குறைவு. குழந்தைக்கென்று செய்ததில்லை என்றாலும் குழந்தையின் தோள் உயரத்துக்குப் பொருந்துகிறது. வலது பக்கம் சக்கரத்தோடு ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் கணக்கில் ஏறக்குறைய மூன்று தையல் விழும். அரைச் சுற்று சுற்றிவிட்டு நிறுத்தலாம், கால் சுற்றிலும் நிறுத்தலாம். மின்சாரம் இல்லை, பெடல் இல்லை. வலது கை நின்றால் மிஷின் நிற்கிறது. எட்டு வயதுப் பேரனை முதலில் இதன் முன்னால்தான் பாட்டி உட்காரவைத்தார். டெய்லரம்மாவின் கட்சி இதுதான்: பிள்ளை நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கிற மிஷினே கற்றுக்கொள்ளும் மிஷின். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

கை மிஷினில் ஒரு சிரமம் உண்டு. வலது கை கைப்பிடியில் இருப்பதால் துணியை நடத்த இடது கை ஒன்றுதான் மிச்சம். பெரியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு இதுவே நல்ல பாடம். துணியை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. ஊசித் தட்டுக்கு அடியில் இருக்கும் பற்களே துணியை நகர்த்தும், கை வழிகாட்டினால் போதும் என்பதை ஒற்றைக் கையால் தைக்கிற பிள்ளை ஒரே நாளில் புரிந்துகொள்கிறது. இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்து ஊசியை வளைக்கிற பழக்கம் அவர்களுக்கு வருவதில்லை.

கை வழிகாட்ட ஓடும் மிஷின் என்றதும் காந்தியின் நினைவு வருகிறது. இயந்திரங்களை அவ்வளவு எதிர்த்தவர் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924-இல் அவரிடம் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில், 1947-இல், மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர். சிங்கர் தன் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்ந்துபோவதைப் பார்த்து, அவள் மேலிருந்த அன்பினால் அந்த மிஷினைச் செய்தார் என்பது காந்தி சொன்ன விளக்கம். வரலாறு சொல்வது வேறு. எலியாஸ் ஹோவ் 1846-இலேயே இரட்டை நூல் தையலுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பாஸ்டன் பட்டறையொன்றில் பிறர் செய்த மிஷினின் குறைகளைத் திருத்தப் புகுந்த சிங்கர் தன் காப்புரிமையைப் பெற்றது 1851-இல். எனினும் காந்தி கண்ட உண்மை ஒன்று அசையாமல் நிற்கிறது: அந்த மிஷின் மனிதனின் கையை வேலையிலிருந்து விலக்கவில்லை. லயத்து வீட்டுத் தாயார் அதை நம்பித் தன் வீட்டிலேயே, தன் நேரத்தில், தன் கணக்கில் உழைக்க முடிந்தது. தமிழ்நாட்டு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கி வருவதன் பின்னாலும் இந்தத் தெளிவுதான் இருக்கிறது.

பேரப்பிள்ளைக்கு மிஷின் என்றதும் பலர் முதலில் போய் நிற்பது பொம்மைக் கடையிலும் இணையக் கடையிலும். கை அகல மிஷின், வெளிர் நீலம், இளஞ்சிவப்பு, பேட்டரியில் ஓடும், விலையும் மலிவு. டெய்லரம்மா இதைக் கண்டிப்பாக எதிர்க்கிறார், காரணத்தோடு. கையில் பிடித்துத் தைக்கும் ரகங்கள் ஒற்றை நூல் சங்கிலித் தையல் போடுபவை. கடைசி நுனியைப் பிடித்து இழுத்தால் முழு வரிசையும் உருவிக்கொண்டு வந்துவிடும். மேசைமேல் வைக்கும் குட்டி ரகங்களில் அடிநூல் சுற்றிய பாபின் இருக்கிறது, இரட்டை நூல் தையலும் விழுகிறது. ஆனால் உடம்பு லேசானது. நாலு மடிப்புத் துணி வைத்தால் மோட்டார் திணறுகிறது, மிஷினே மேசைமேல் நகர்கிறது. நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகு பெயருக்கு இருக்கும். தையல் கோணும், அடியில் நூல் சுருண்டு முடிச்சாகும், பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைக்கும். "கெட்டது மிஷின், பழி புள்ள மேலயா?" என்று அவர் கேட்கும்போது குரல் உயர்கிறது. உயரத்தான் வேண்டும். தையலை விட்டுவிட்ட எத்தனையோ பேர் கையில் முதலில் கிடைத்தது இப்படிப்பட்ட மிஷின்தான்.

ஆனால் பாட்டி வீட்டுப் பரணில் 99கே இல்லாதவர்கள் என்ன செய்வது? பழைய மிஷின் தேடலாம். மூடா இணையதளத்திலும் பழைய சாமான் கடைகளிலும் கறுப்பு இரும்புத் தலை மிஷின்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சிங்கர் 15 என்ற மாடலின் அச்சிலேயே போருக்குப் பிந்திய ஜப்பானும், பிறகு சீனாவும் இந்தியாவும் லட்சக்கணக்கில் மிஷின்கள் செய்தன. சீனத்து பட்டர்ஃபிளையும் இந்தியாவின் உஷாவும் அந்தக் குடும்பம்தான். உஷா 1930-களில் கல்கத்தாவில் பிறந்தது. இந்தக் குடும்பத்து மிஷின்களுக்கு ஊசி, பாபின், பாபின் கேஸ், பெல்ட் எல்லாம் இன்றும் சல்லிசாகக் கிடைக்கும். கால் மிஷினாக இருப்பதைக் கை மிஷினாக மாற்றும் கைப்பிடிகூடத் தனியாக விற்கிறது. சக்கரத்தில் ஆரங்கள் இருக்க வேண்டும், பக்கத்தில் மோட்டார் மாட்டும் திருகுத் துளை இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

பழைய மிஷினைப் பார்க்கும்போது டெய்லரம்மா முதலில் சக்கரத்தைக் கையால் தன் பக்கமாகச் சுற்றுவார். கட்டியாக நின்றால் பயப்படுவதில்லை. பெரும்பாலும் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது காலப்போக்கில் பிசினாகி எல்லா மூட்டுகளையும் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்ல மெல்ல ஆட்டி, பிசின் கழன்றதும் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விட்டால் ஓடத் தொடங்கிவிடும். அவர் பயப்படுவது துருவுக்கு. துறைமுகக் காற்றும் ஈரமும் உள்ள ஊர் இது. ஊசித் தட்டைக் கழற்றி, பாபினைச் சுற்றி வரும் கொக்கியின் முனையை நகத்தால் தடவிப் பார்ப்பார். அந்த முனை துருவில் குழிந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பற்கள் மழுங்கியிருந்தால் துணி நகராது. மோட்டார் பூட்டியதாக இருந்தால் வயரை வளைத்துப் பார்ப்பார். ரப்பர் வெடித்திருந்தால் புது வயர் போடாமல் பிள்ளைகள் பக்கமே விடமாட்டார்.

மின்சாரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து பழைய மிஷின்கள் நிறைய வருகின்றன. பார்க்க அழகு, உள்ளே சுத்தம். ஆனால் ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றி நம் சுவரில் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். இந்தியாவிலிருந்து சொந்தக்காரர் தூக்கிக்கொண்டு வரும் மிஷினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயும் 230 வோல்ட். உருண்டை முள் பிளக்கை எடுத்துவிட்டு நம் மூன்று செவ்வக முள் பிளக் போட்டால் போதும்.

ரொம்பப் பழைய மிஷின் கண்ணைப் பறிக்கும். தங்கக் கோடுகள், சித்திரங்கள். சிங்கர் 12 போன்றவற்றுக்குத் தனி ஊசி வேண்டும், அது லேசில் கிடைக்காது. இன்றைக்கு வீட்டு மிஷின்களுக்குப் பொதுவான ஊசியின் பெயர் 15x1. பாக்கெட்டில் ஹெச்ஏx1 என்றோ 130/705 ஹெச் என்றோ இருக்கும், மூன்றும் ஒன்றே. அந்த ஊசி ஏறாத மிஷினைக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம். பிள்ளை கையில் கொடுப்பதற்கில்லை. எட்டு வயதுப் பையன் ஊசி உடைக்காமல் தைக்கப் பழகப் போவதில்லையே.

புது மிஷின் விஷயத்தில் டெய்லரம்மாவுக்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், புடவைக்கு ஃபால்ஸ் அடித்து ஓரம் தைத்துக் கொடுக்கும் தோழி. இருவரும் ஒரே காலத்தில் தொழில் கற்றவர்கள். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரம். ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பேட்டை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய 'நூறு குவாட்டர்ஸ்' வீடுகளில் வீட்டுக்கொரு தையல் மிஷின் இருந்த காலத்தை அந்தத் தோழி இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். ஆனால் பேரப்பிள்ளைகள் என்று வந்தால் பழைய மிஷின் என்ற பேச்சே அவருக்குப் பிடிப்பதில்லை.

"அக்கா, அந்த இரும்ப வச்சுக்கிட்டுப் புள்ளைங்கள ஏன் வாட்டுறீங்க? இதப் பாருங்க" என்று தன் கடையில் இருந்த கம்ப்யூட்டர் மிஷினைக் காட்டினார். பிரதர், ஜனோமி போன்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர் ரகங்கள் பலவற்றில் முன்பக்கத்தில் ஒரு நகர்த்தும் பொத்தான் இருக்கும். அதை ஆமைப் படமுள்ள பக்கம் தள்ளி வைத்தால், பிள்ளை பெடலை எவ்வளவு அழுத்தினாலும் மிஷின் அந்த வேகத்தைத் தாண்டாது. பெடலே இல்லாமல் ஒரு பொத்தானை அமுக்கித் தொடங்கவும் நிறுத்தவும் முடியும். தரையில் கால் எட்டாத பிள்ளைக்கு அது பெரிய வசதி. நின்றதும் ஊசி துணிக்குள்ளேயே இறங்கி நிற்கும்படி வைக்கலாம். மூலையில் திருப்பும்போது துணி நழுவாது. பாபின் மேலே இருந்து போடுவது, மூடி கண்ணாடி மாதிரி. நூல் தீரப்போவது தெரியும்.

டெய்லரம்மா கட்டைவிரல் சோதனையை அங்கேயும் நடத்தினார். மிஷின் தேறியது. நாலு மடிப்பிலும் அதே மெதுவில் ஊசி இறங்கியது. புது மிஷின்களின் மின்னணு வேகக் கட்டுப்பாடு, பழைய தடை பெடல்களைவிட மெதுவைக் காப்பதில் எவ்வளவோ மேல் என்பதை அவர் மனதார ஒத்துக்கொண்டார். அவருடைய மறுப்பு இரண்டு. இடி மின்னலுக்குப் பேர்போன கிள்ளான் பள்ளத்தாக்கு இது; சொருகியபடியே விட்ட மிஷினின் சர்க்யூட் போர்டு ஒரு மாலை மழையில் போய்விட்டால், புது போர்டின் விலைக்கு ஒரு சாதாரண மிஷினே வாங்கிவிடலாம். இரண்டாவது, பாபின் கேஸ். அதை முன்னாலிருந்து கழற்றி மாட்டுகிற மிஷினில், நூலைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டினால் அது ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் திருகு தளர்வு; அசையவே இல்லையென்றால் இறுக்கம். நூலின் இறுக்கம் என்பதை இப்படிக் கையால் அறிந்த பிள்ளைக்கு எந்த மிஷினும் பிடிபடும் என்பது அவர் எண்ணம்.

தோழிக்கும் பதில் இருந்தது. "உங்க அம்மா மிஷின்லயும் பாபின் மேல இருந்துதானே போடுறீங்க?" உண்மைதான். 99-இல் ஊசித் தட்டுக்குப் பக்கத்துத் தகட்டை நகர்த்தினால் பாபின் மேலிருந்தே உள்ளே இறங்கும். ஏதோ புதுமை என்று இன்று விற்கப்படும் அந்த வசதி நூறாண்டுக்கும் மேல் பழையது. அந்த பாபின் 66 வகை, இரு பக்கமும் லேசாக உப்பியிருக்கும். 15 வகை உலோக பாபின் தட்டையானது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது என்பதில் மட்டும் தோழிகள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

கடைசியில் நடந்தது இது. பேரனுக்குத் தாயாரின் கை மிஷின். பேத்திக்குச் சில நூறு வெள்ளியில் ஒரு புது மிஷின். கம்ப்யூட்டர் இல்லை, திருகிப் போடும் நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் பொத்தான் துளையும் போதும். பின்தையல் நெம்புகோல் உண்டு, பாபின் கேஸ் முன்னால், ஊசி 15x1, கட்டைவிரல் சோதனையில் தேறியது. வேகப் பொத்தான் இல்லாததற்குப் பாட்டி ஒரு ஏற்பாடு செய்தார். பெடலின் கீல் பக்கத்தில், மேல்தகட்டுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே கெட்டியான ரப்பர் துண்டை வைத்தார். பாதிக்கு மேல் பெடல் இறங்காது. கால் எட்டுவதற்காக அடியில் ஒரு மரப்பெட்டி. முழங்கை மேசை உயரத்துக்கு வர நாற்காலியில் மெத்தை. இந்த உயரங்களைச் சரிசெய்யாமல் எந்த விலை மிஷின் வாங்கியும் பயனில்லை என்று அவர் சொல்வதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை.

முதல் பாடத்தில் நூல் இல்லை, துணியும் இல்லை. கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாளை வைத்து, வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னார். துளைகள் கோட்டில் விழுந்தனவா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அடுத்து சதுரம்: மூலைக்கு வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி, மிஷினின் அழுத்தும் காலைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி காலை இறக்க வேண்டும். பிறகு சுருள் வட்டம். தாளில் ஓடிய ஊசி மழுங்கிவிடும். துணிக்கு வரும்போது புது ஊசி. பொதுவாகவே எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று வைத்துக்கொள்வது நல்லது என்பார். பாப்ளினுக்கு 11 நம்பர், கொஞ்சம் கெட்டித் துணிக்கு 14, ஜீன்ஸ் என்றால் 16.

ஊசி மாட்டுவதையும் பிள்ளைகளே செய்ய வேண்டும் என்பது அவர் சட்டம். புது மிஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் போகும். 99கேயில் இடது பக்கம். இரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஊசிக்கு மேலே நூல் கடைசியாக மாட்டும் கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ, ஊசியின் நீளக் காடி அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். தட்டை அதற்கு எதிரே. இது தெரிந்தால் உலகத்தில் எந்த வீட்டு மிஷினுக்கும் ஊசி மாட்டலாம். நூல் கோக்கும்போது துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அடுத்தது. கால் இறங்கியிருந்தால் இறுக்கத் தகடுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது, துணியின் அடியில் கூடு கட்டிவிடும். தையல் மிஷின் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் வீடுகளில் முக்கால்வாசி நேரம் இதுதான் நடந்திருக்கும்.

துணிக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் போனார்கள். பெரிய துணிக்கடைகள் உள்ள தெரு. பேத்தி வழவழப்பான சாட்டின் மேல் கை வைத்தாள். பாட்டி பருத்திப் பக்கம் நகர்த்தினார். சாட்டின் வழுக்கும், க்ரேப் நெளியும், இழுபடும் பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும். தொடங்குகிறவருக்கு நடுத்தரக் கனமுள்ள பருத்தி. அதுவும் கட்டம் போட்டதாக இருந்தால் கோடு கிழிக்கும் வேலையே மிச்சம். நூல் நல்ல பாலியெஸ்டர். வீட்டில் கிடந்த பழைய பருத்தி நூல்கண்டுகளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, பட்டென்று அறுந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டார்.

பிள்ளைகளின் அம்மா, அதாவது டெய்லரம்மாவின் மகள், இடைநிலைப் பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்வியல் திறன்) பாடத்துக்காக ஓர் ஏப்ரன் தைத்ததோடு நிறுத்திக்கொண்டவர். கடையில் வேலை முட்டி நின்ற அந்த ஆண்டுகளில் மகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தாய்க்கு நேரமில்லை. இப்போது மகளும் மாலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்.

பேரன் முதலில் தைத்து முடித்தது தன் ஃபுட்சால் காலணிக்கு ஒரு நாடாப் பை. கை மிஷினில், பின்தையல் இல்லாத மாடலில், வரிசையின் முடிவில் துணியைத் திருப்பிப் போட்டு நாலு தையல் மேலேயே ஓட்டிப் பூட்டக் கற்றிருந்தான். "அண்ணன்மார்தானே ஒரு காலத்துல இந்த ஊர்ல எல்லாக் கடையிலயும் தைச்சாங்க" என்று பாட்டி அவனிடம் சொல்லிவைத்திருக்கிறார். ஆண் பிள்ளைக்குத் தையலா என்று கேட்ட உறவினருக்கு அவனே அந்தப் பதிலைச் சொன்னான். பேத்தி தலையணை உறையையும் தனக்கொரு நீளப் பாவாடையையும் முடித்துவிட்டு, இப்போது டி-சட்டை தைக்க வேண்டும் என்கிறாள். அதற்கு ஜிக்ஜாக் போதும் என்கிறார் பாட்டி. ஓவர்லாக் இல்லாமல் ஓரம் சுருளும் என்கிறாள் பேத்தி, எங்கோ பார்த்துத் தெரிந்துகொண்டு. ஓவர்லாக்கில் தைக்கும்போதே துணியை வெட்டும் கத்தி ஒன்று ஓடும், மூன்று நான்கு நூல் கோக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் தோழியின் கடையில் ஒன்று இருக்கிறது. அடுத்த விடுமுறையில் கொமுட்டர் ஏறிப் போய், முதலில் அதை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியும் என்று பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. அதுவரைக்கும் உருண்டை முனை ஊசி ஒரு பாக்கெட், 11 நம்பர், வாங்கி வைத்திருக்கிறார்கள்.